விரிசல் விழும் மூலை

லேப்டாப் விமர்சனம் என்று பத்திரிகைகளில் வருவதைப் படித்துப் பாருங்கள். பிராசஸர் எத்தனை கிகாஹெர்ட்ஸ், ராம் எத்தனை ஜிபி, பாட்டரி எத்தனை மணி நேரம் என்று வரிசையாக மார்க் போட்டு, கடைசியில் நாலரை நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள். மூன்றாவது வருஷம் இடது மூலையில் ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்குமா, கேட்காதா என்று ஒருவரும் எழுதுவதில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. விமர்சகர் கைக்கு வரும் லேப்டாப் இரண்டு வாரத்தில் கம்பெனிக்குத் திரும்பிவிடும். நம் வீட்டுக்கு வருவது ஏழெட்டு வருஷம் உழைத்தாக வேண்டும். ஆகவே இந்த வாரம் பிராசஸரை ஒதுக்கிவைத்துவிட்டு, அதன் சட்டையை, அதாவது பிளாஸ்டிக் உடம்பை மட்டும் விமர்சனம் பண்ணலாம்.

பல்லடம் மாதிரி ஊரில் சர்வீஸ் கடைகளில் ஒரு பேச்சுவார்த்தை அடிக்கடி நடக்கும். வாசகங்கள்கூட அதிகம் மாறாது.

‘‘கீழ கீது போட்டுட்டியா கண்ணு?’’

‘‘இல்லீங்ண்ணா. சும்மா தொறந்தேனுங்க. டப்புனு வந்துருச்சு.’’

‘‘எல்லாரும் இதத்தான் சொல்றாங்க.’’

கூட வந்த அப்பா பையனை முறைப்பார். ‘‘ஒரு பொருளப் பத்திரமா வெச்சுக்கத் துப்பில்ல’’ என்று கடை என்றும் பார்க்காமல் ஆரம்பித்துவிடுவார். தறிக்கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியதாக இருந்தால் முறைப்பு இன்னும் கொஞ்சம் உக்கிரமாக இருக்கும்.

எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வதற்கு எளிமையான காரணம் உண்டு. அது உண்மை. பெரும்பாலான லேப்டாப்கள் கீழே விழுந்து உடைவதில்லை. திறந்து மூடியே உடைகின்றன. எங்கே உடையும் என்று பார்க்காமலேயே சொல்லிவிடலாம். திரையும் கீபோர்டும் சேரும் இடத்தில், பின்பக்க மூலையில், கீல் இருக்கும் இடத்தில். கடைகளில் ஹிஞ்ச் என்பார்கள்.

அந்த மூலைக்குள் என்ன இருக்கிறது? கீல் என்பது எஃகு. திரையை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும் என்பதால் அதை வேண்டுமென்றே இறுக்கமாகச் செய்கிறார்கள். அதன் ஒரு கை திரையின் மூடியிலும் இன்னொரு கை கீழ்ப்பாகத்திலும் ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கும். ஸ்க்ரூ நேராக பிளாஸ்டிக்கில் இறங்கினால் மரை தேய்ந்துவிடும். அதற்காக பிளாஸ்டிக்கில் குட்டிக் குட்டித் தூண்கள் வார்த்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பித்தளை மரையைச் சூடாக்கி அழுத்திவைத்திருப்பார்கள். தட்டைப்பயறு அளவுதான் இருக்கும். ஆக எஃகு ஸ்க்ரூவைப் பிடித்திருப்பது பித்தளை, பித்தளையைப் பிடித்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் சுவர். மொத்தக் குடும்ப பாரமும் கடைசிப் பையன் தலையில்.

இப்போது கொஞ்சம் எட்டாம் வகுப்பு நெம்புகோல். திரையின் மேல் விளிம்பிலிருந்து கீல்வரை ஏறக்குறைய ஒன்பது இன்ச். கீலைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் ஒரு இன்ச் வட்டத்துக்குள் இருக்கின்றன. கீல் சுலபமாகச் சுழலும்வரை கவலையில்லை. உள்ளே போட்ட கிரீஸ் காய்ந்து அது இறுக ஆரம்பித்ததும், மேலே நீங்கள் ஒரு கிலோ பலத்தில் தள்ளினால் கீழே ஸ்க்ரூக்களை ஒன்பது கிலோ பிடுங்கும். அதிலும் நாம் நடுவில் பிடித்துத் திறப்பவர்களா? ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையால் வலது மூலையைத் தூக்குவோம். இரண்டு கீல்கள் பங்குபோட வேண்டிய சுமை ஒன்றின் மேலேயே இறங்கும். முதல் நாள் ஒன்றும் ஆகாது. ஐந்நூறாவது நாள் தூணின் அடியில் மயிரிழை போல ஒரு கீறல். ஆயிரமாவது நாள் ‘டப்’.

கீறல் ஏன் தானாக வளர்கிறது என்பதற்கு நூறு வருஷம் பழைய விளக்கம் இருக்கிறது. 1920இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் கண்ணாடியை உடைத்து உடைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. ஒரு பொருளின் மேல் விழும் பாரம் சமமாகப் பரவுவதில்லை. கீறலின் கூர்மையான நுனியில் போய்க் குவிகிறது. கீறல் நீளமாக ஆக, அதை மேலும் நீளமாக்கக் குறைந்த பலமே போதும். 1954இல் உலகின் முதல் பயணிகள் ஜெட்டான கோமெட் ரகத்தில் இரண்டு விமானங்கள் நடுவானில் சிதறின. கூரையில் ஆன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலை ஒன்றில் தொடங்கிய உலோகக் களைப்புதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. விமானமோ லேப்டாப்போ, மூலை என்றால் ஜாக்கிரதை.

‘எல்லாம் பிளாஸ்டிக், அப்படித்தான் இருக்கும்’ என்று நம் ஆட்கள் ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பிளாஸ்டிக்கின் சார்பில் நான் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. லேப்டாப் உடம்பு பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால், அல்லது அதோடு பாலிகார்பனேட் கலந்து செய்யப்படுகிறது. ஏபிஎஸ்ஸில் நுண்ணிய ரப்பர் துணுக்குகள் விரவியிருக்கும். ஓடிவரும் விரிசலை வழிமறிப்பது அவற்றின் வேலை. குழந்தைகள் கடித்து, மிதித்து, எறிந்து விளையாடும் லெகோ கட்டைகள் இதே ஏபிஎஸ்தான், 1963லிருந்து. பைக்கில் போகும்போது நம் மண்டையைக் காப்பாற்றும் ஹெல்மெட் பலவற்றின் ஓடும் இதுதான். மண்டையைக் காப்பாற்றும் பொருளுக்கு ஒரு கீலைப் பிடித்துவைத்துக்கொள்ளத் தெரியாதா? தெரியும். போதிய தடிமன் கொடுத்தால்.

பல்லடத்துக்காரர்களுக்கு லெகோ உதாரணம்கூட வேண்டாம். பக்கத்துத் தறிக்குடோனுக்குள் எட்டிப் பார்த்தால் போதும். நாடா போட்டு ஓடும் சாதாரண விசைத்தறியில் நாடாவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடித்து விரட்டுவது பிக்கர் என்ற சின்னப் பாகம். பழைய காலத்தில் எருமைத் தோலில் செய்தார்கள். பிறகு நைலான் மாதிரி பிளாஸ்டிக்குகள் வந்தன. நிமிடத்துக்கு 120 தடவை நாடா ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பக்கத்துப் பிக்கருக்கும் விநாடிக்கு ஒரு அடி. எட்டு மணி நேர ஷிப்டில் 28,800 அடி. சில லேப்டாப் கம்பெனிகள் எங்கள் கீலை 20,000 தடவை திறந்து மூடிச் சோதித்தோம் என்று பெருமையாக விளம்பரம் செய்கின்றன. பல்லடத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு அதைச் சாயங்காலத்துக்குள் தாண்டிவிட்டு, அடுத்த ஷிப்டுக்கும் நிற்கிறது.

ஆனால் பிக்கரும் ஒருநாள் தேயும், பிளக்கும். அப்போது தறிக்காரர் என்ன செய்கிறார்? உதிரிபாகக் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி மாட்டுகிறார். அன்றைக்கே தறி மறுபடி ஓடுகிறது. தறி ஓட்டியவர் பொறுப்பில்லாதவர் என்று யாரும் திட்டுவதில்லை. தறியை வடிவமைத்தவர் ஆரம்பத்திலேயே ஒரு முடிவெடுத்திருக்கிறார். அடி எங்கே விழுகிறதோ, அங்கே மலிவாக, தனியாகக் கழற்றக்கூடிய ஒரு பாகத்தை வைத்தார். உடைந்தால் அது மட்டும் உடையட்டும்.

லேப்டாப்பை வடிவமைத்தவர் இதை அப்படியே தலைகீழாகச் செய்திருக்கிறார். இதுதான் என் விமர்சனத்தின் சாரம். தினமும் அடி வாங்கும் அந்த நாலு குட்டித் தூண்களை, கழற்ற முடியாதபடி, முழு உடம்போடு ஒரே வார்ப்பாக வார்த்துவிட்டார். கடுகளவு பிளாஸ்டிக் பெயர்ந்தால் முழுப் பேனலையும் மாற்ற வேண்டும். வருஷா வருஷம் ‘இன்னும் மெலிது, இன்னும் லேசு’ என்று போட்டிபோடுவதால் தூணின் அடியில் தடிமன் கொடுக்க இடமும் இல்லை. உலோகக் கீல், உலோகத் தகட்டோடு சேர்ந்து ஒரு தனிப் பாகமாக இருந்திருந்தால், விஷயம் நாலு ஸ்க்ரூவில் முடிந்திருக்கும்.

விலை கொடுத்தால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஆப்பிள் 2006இல் வெளியிட்ட வெள்ளை மேக்புக்கில் கை வைக்கும் பகுதியின் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. மூடும்போது திரையின் விளிம்பில் இருந்த சிறு மேடுகள் தினமும் அதே இடத்தில் அழுத்தியதுதான் காரணம். வாரண்டி முடிந்தவர்களுக்கும் அந்த மேல்பாகத்தை இலவசமாக மாற்றிக்கொடுத்தார்கள். உடைந்தது வாடிக்கையாளரின் முரட்டுத்தனத்தால் அல்ல என்று கம்பெனியே ஏற்றுக்கொண்ட மாதிரி.

நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காக ‘குழந்தைக்கு ஒரு லேப்டாப்’ என்ற இயக்கம் 2007இல் கொண்டுவந்த பச்சை வெள்ளை எக்ஸ்ஓ. வழக்கமாக 1.3 மில்லிமீட்டர் இருக்கும் சுவரை அதில் 2 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். கைப்பிடிக்குள் உபரி ஸ்க்ரூக்களை வைத்து அனுப்பினார்கள். அதன் வேகத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் கிராமத்துப் பையன் கையில் இது என்ன பாடுபடும் என்று யாரோ ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

நம் ஊரில் இப்படி யோசிக்க வாய்ப்பு இல்லாமல் இல்லை. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. எல்காட் மூலம் மொத்தக் கொள்முதல். முதல் வருஷத்துக்கு மட்டும் 9.12 லட்சம் லேப்டாப்கள், 912 கோடி ரூபாய் ஒதுக்கீடு. அடுத்த எட்டொன்பது வருஷங்களில் 50 லட்சத்துக்கும் மேல் மாணவர்கள் கைக்குப் போயின. எத்தனையோ வீடுகளில் வாசற்படி தாண்டி வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். பிறகு 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக மறுபடி அறிவிப்பு வந்தது.

இந்தப் பதினான்கு வருஷத்தில் திட்டத்தைப் பற்றி எத்தனை விவாதம்! ஓட்டுக்காகவா, மூடியில் யார் முத்திரை, விண்டோஸா லினக்ஸா, எத்தனை ஜிபி, பையன்கள் சினிமாதானே பார்க்கிறார்கள்... எல்லாம் பேசினோம். கீலைப் பற்றி யாராவது பேசியதாக எனக்கு நினைவில்லை. தனியாள் ஒரு லேப்டாப் வாங்கினால் கம்பெனியிடம் பேரம் பேச முடியாது. பத்து லட்சம் வாங்குகிறவர் பேசலாம். ‘நூறு லேப்டாப்புக்கு ஐந்து செட் கீலும் மூடியும் சேர்த்துக் கொடு, ஐந்து வருஷத்துக்கு உதிரிபாகம் கிடைக்கும் என்று எழுதிக் கொடு’ என்று டெண்டரில் ஒரு வரி போதும். பிளாஸ்டிக் வார்ப்பில் செலவெல்லாம் அச்சு செய்வதில்தான். அச்சு செய்தபின் கூடுதலாக ஒரு மூடி வார்க்க ஆகும் செலவு அற்பம்.

இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. அத்தனையும் ஒரே மாடல் என்பதால் அத்தனையும் ஒரே மூலையில்தான் உடையும். மருந்தும் ஒன்றே. மோட்டார் பம்பும் கிரைண்டரும் செய்து, அவற்றின் ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் தனிக்கடை வைத்திருக்கும் கோயமுத்தூர்ப் பக்கத்தில், பிளாஸ்டிக் வார்க்கவும் அச்சு வெட்டவும் ஆள் இல்லையா? ஒரு மூடி கிடைக்காததற்காக, பிராசஸர் நன்றாக இருக்கும் லேப்டாப் பரணில் ஏறுகிறது என்றால், அது கஞ்சத்தனம்கூட இல்லை, ஊதாரித்தனம். ப்ராஜெக்ட் பாதியில் நிற்கும் பெண்ணுக்கு அது வெறும் விரிசலும் இல்லை.

சட்டமும் இந்தப் பக்கம் மெல்லத் திரும்புகிறது. பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து லேப்டாப் விற்கும்போது ‘பழுது பார்க்க எவ்வளவு சுலபம்’ என்று பத்துக்கு மார்க் போட்டு ஒட்டவேண்டும் என்று விதி செய்தார்கள். உதிரிபாகம் கிடைக்கிறதா, என்ன விலை, கழற்றுவது எளிதா என்பதெல்லாம் அதில் கணக்கு. நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கு ஒரு தளம் தொடங்கியது. 2024இல் மொபைல், எலெக்ட்ரானிக் பொருட்களுக்கு இதேபோல் மார்க் போடுவது பற்றி யோசிக்கக் குழு அமைத்தது. ஃப்ரேம்வொர்க் என்ற அமெரிக்கக் கம்பெனி 2021லிருந்து, கீல் உட்பட ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனி விலை போட்டு விற்கும் லேப்டாப்பையே செய்துகாட்டியது. ஆக, முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, சட்டம் வரும்போது வரட்டும். வீட்டில் ஏற்கனவே விரிசல் விட்டதற்கு என்ன செய்வது? தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில், மூலையில் ஒரு நூல் அளவு இடைவெளி தெரிந்த அன்றைக்கே திறந்து மூடுவதை நிறுத்துங்கள். திறந்தபடியே மேஜையில் வையுங்கள். ‘வெளியில்தானே விரிசல், ஓடுதே’ என்று தினமும் திறந்து மூடினால் கீல் உள்ளே இருக்கும் திரை கேபிளையும் பிடித்து இழுக்கும். நூறு ரூபாய் வேலை ஆயிரங்களில் போய் நிற்கும்.

இரண்டு, விரிசல் கீல் பக்கம் இல்லாமல், டச்பேடோ அடிப்பாகமோ மேலே எழும்பிப் பிளந்தால் அது பிளாஸ்டிக் பிரச்னையே இல்லை. உள்ளே பாட்டரி உப்பியிருக்கலாம். அழுத்தி மூடி ஒட்ட முயன்றால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. சார்ஜ் போடாமல் நேராகக் கடைக்கு.

மூன்று, குலுக்கினால் உள்ளே ‘கலகல’ என்றால் பெயர்ந்த பித்தளை மரைகள் உருள்கின்றன என்று அர்த்தம். அது மதர்போர்டில் எங்காவது உட்கார்ந்தால் ஷார்ட் ஆகும். ஆன் செய்யாமல் திறந்து எடுத்துவிட வேண்டும்.

நான்கு, ஃபெவிக்விக். நம் தேசிய மருந்து. சின்ன மூலைச் சில்லுக்குச் சரி. கீலுக்கு ஆகாது. அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைப்பு. கீல் தரும் தினசரி முறுக்கலுக்குச் சீக்கிரமே விட்டுவிடும். அதற்குள் வழிந்து கீலையே ஒட்டிவைத்துவிட்டால் அடுத்த தடவை திறக்கும்போது மூடி முழுசாகக் கையோடு வரும். அதன் ஆவி பட்டு சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் படிவதும் உண்டு.

ஐந்து, பேனலின் உள்பக்கத்தில் எந்தப் பிளாஸ்டிக் என்று எழுத்து வார்த்திருக்கும். ஏபிஎஸ் மட்டும் என்றால் அசிட்டோனில் கரையும். பழைய ஏபிஎஸ் துணுக்குகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கித் தடவினால் இரண்டும் கரைந்து ஒன்றாகப் பிடிக்கும். ஒட்டு என்பதைவிட வெல்டிங் என்று சொல்லலாம். பாலிகார்பனேட் கலந்ததாக இருந்தால் அசிட்டோன் பக்கம் போகாதீர்கள், வெளுத்து நுண்விரிசல் விடும். அதற்கு இரண்டு டியூப் கலந்து போடும் எபாக்ஸிதான். உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டில் துடைத்து, பூசியபின் ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் யாரும் மதிப்பதில்லை.

ஆறு, ஒட்டுவதற்கு முன் கீலைச் சரிபாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தால் அதன் நட்டை கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். நோயை விட்டுவிட்டுக் காயத்துக்குக் கட்டுப் போட்டால் மறுபடி அதே மூலைதான் போகும். விரிசல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதன் நுனியில் ஊசி கனத்தில் ஒரு துளை போடலாம். கூர்மையான நுனி வட்டமாகிவிடுவதால் பாரம் குவியாது, விரிசல் அங்கேயே நிற்கும். கிரிஃபித் உபயம்.

ஏழு, அழகைப் பற்றிக் கவலை இல்லையென்றால் மிக உறுதியான வைத்தியம் துளை போட்டு, அடியிலிருந்து வாஷரோடு ஒரு போல்ட்டை மேலே கொண்டுவந்து கீலை நேராக முடுக்கிவிடுவது. பார்க்க மாட்டுவண்டி மாதிரி இருக்கும், நிற்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத் துளைக்கத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

இதெல்லாம் வேண்டாம் என்றால் பேனலையே மாற்றலாம். சர்வீஸ் கடைகளில் லேப்டாப்புக்கு தனி அரிச்சுவடி இருக்கிறது. வெளி மூடி ஏ, திரையைச் சுற்றிய சட்டம் பி, கீபோர்டு இருக்கும் பக்கம் சி, அடிப்பாகம் டி. ஏ, பி, ஹிஞ்ச் மூன்றும் சேர்ந்தது ‘ஏபிஹெச்’ என்ற பெயரில் விற்கிறது. பரவலாக விற்ற மாடல்களுக்கு கோவை காந்திபுரத்திலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ தேடினால் கிடைத்துவிடும். அபூர்வ மாடல் என்றால் கஷ்டம். ஒன்று கவனிக்கவும், தூண் பெயர்ந்தது அடிப்பாகத்தில் என்றால் ஏபிஹெச் மாற்றிப் பிரயோசனமில்லை. சி அல்லது டிதான் மாற வேண்டும். எது உடைந்தது என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒரு சோதனை செய்யலாம். டிஸ்ப்ளேயில் இருப்பதை ஒரு மூலையைப் பிடித்துத் திறந்து பாருங்கள். மறுமூலை பின்தங்கி, மூடி துணி மாதிரி முறுக்கிக்கொண்டால் வேறு மாடல் பாருங்கள். அப்புறம் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி: ‘‘ஏனுங்க, நாலு வருஷம் கழிச்சு இதுக்கு ஏபிஹெச் கிடைக்குங்களா?’’ அவர் எத்தனை ஜிபி, எத்தனை கோர் என்று ஆரம்பித்தால் விடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள். ஊரில் நூறு பேர் கேட்டால் கடைக்காரர் டீலரிடம் கேட்பார், டீலர் கம்பெனியிடம் கேட்பார். பல்லடத்தில் பிக்கர் இல்லாத தறியை இலவசமாகக் கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள்.

அதுவரை, பையனைத் திட்டுவதைக் கொஞ்சம் ஒத்திவைக்கலாம். அவன் சும்மாதான் திறந்திருக்கிறான்.